மணி பிளான்ட்டுக்காக விட்ட ஓட்டை

மணி பிளான்ட் வளர்ப்பவர்களைக் கண்டால் எனக்கு ஆகாது. ஒரு கண்ணாடி பாட்டிலில் இரண்டு கொடியைச் செருகி டிவி பக்கத்தில் வைத்துவிட்டு, வீடே குளுகுளுவென்று ஆகிவிட்டதாகப் பேசுவார்கள். அது பூக்காது, காய்க்காது, மணக்காது, குழம்புக்கும் ஆகாது. சிவகாசி வெயிலில் மனிதனே வதங்கிக் கிடக்கிறான். எங்கேயோ மழை விட்டுவிட்டுப் பெய்கிற காட்டில் மரத்தைப் பிடித்து ஏறவேண்டிய கொடி, இங்கே லாரித் தண்ணீரைக் குடித்துக்கொண்டு ஹாலில் படர்கிறது. அப்படிப்பட்ட கொடியை நானும் வளர்த்தேன். ஆசைப்பட்டு வளர்க்கவில்லை. என் ஓரகத்தியின் வாய் என் வீட்டுக்குள் வராமல் இருக்கவேண்டும், அதற்காக வளர்த்தேன்.

ஓரகத்தி என்றால் என் கணவரின் அண்ணன் மனைவி. கணவர் அவரை மதினி என்பார், நான் அக்கா என்பேன். அக்கா என்று கூப்பிட்டதில் ஒரு தடவைகூட மனசாரக் கூப்பிட்டதில்லை. நான் கல்யாணமாகி அந்த வீட்டுக்குப் போன முதல் வாரத்திலேயே, "டீச்சரம்மாவுக்குச் சோறு வடிக்கத் தெரியுமா, இல்ல போர்டுல எழுதித்தான் காட்டுவாகளா?" என்று விருந்தாளிகள் முன்னால் கேட்டவர் அவர். நான் கணக்கு டீச்சர். அந்தக் குடும்பத்தில் சம்பளத்துக்கு வேலைக்குப் போன முதல் மருமகளும் நான்தான். அது அவருக்குக் கடைசிவரை செரிக்கவில்லை.

மாமனார் பிரஸ் வைத்திருந்தார். பட்டாசுப் பெட்டிக்கு லேபிள், சீசனில் காலண்டர். முதல் ஆஃப்செட் மெஷின் வந்து இறங்கிய சமயத்தில் யாரோ ஒரு துண்டு மணி பிளான்ட்டைக் கொடுத்திருக்கிறார்கள். அதைத் தொட்டியில் ஊன்றி ஹாலில் பீரோ மூலையில் வைத்தார். அதற்கப்புறம் ஆர்டர் மேல் ஆர்டராக வந்ததாம். மெஷினை வாங்கியதும், ராத்திரி பகலாக உழைத்ததும் யாருக்கும் ஞாபகம் இல்லை. செடிதான் கொண்டுவந்தது என்று ஆகிவிட்டது. அதிலிருந்து அந்த வீட்டில் ஒரு சட்டம். கொடியில் கத்தி படக்கூடாது, கீழ்நோக்கித் தொங்கவிடவும் கூடாது. காலண்டர் கட்டுகிற சணலால் சுவரில் ஆணி ஆணியாக இழுத்துக் கட்டிக்கொண்டே போவார் மாமனார். பீரோ மூலை இருட்டு. கொடி வெளிச்சத்தைத் தேடி, உட்கார்ந்த ஆளின் முக உயரத்தில் சுவரோடு ஓடி, ஹாலின் அந்தக் கோடியில் இருந்த ஜன்னல் பக்கம் போய்த்தான் இலைவிட்டது. மூலையில் வெறும் கயிறு மாதிரித் தண்டு. ஜன்னலோரம் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு இலைகள்.

மாமனார் போனபிறகு அண்ணனும் தம்பியும் பாகம் பிரித்துக்கொண்டார்கள். அண்ணனுக்கு எம். புதுப்பட்டிப் பக்கம் இருந்த பட்டாசுக் கம்பெனி, தம்பிக்குப் பிரஸ். வீட்டை நடுவில் சுவர் வைத்து ஆளுக்குப் பாதி. என் வாழ்க்கையில் நான் அவ்வளவு ஆசைப்பட்டு வாங்கிய நகை கிடையாது, சேலை கிடையாது. அந்தச் சுவருக்குத்தான் ஆசைப்பட்டேன். கொத்தனார்களுக்கு வேளாவேளைக்கு டீ போட்டுக் கொடுத்து, ஒவ்வொரு வரிசைச் செங்கல் ஏறும்போதும் பக்கத்தில் நின்று பார்த்தேன். இனிமேல் நான் தேங்காய் எவ்வளவு அரைக்கிறேன், எத்தனை மணிக்குக் குளிக்கிறேன், யாரோடு போனில் பேசுகிறேன் என்று எதற்கும் அந்தப் பக்கத்திலிருந்து விமர்சனம் வராது.

செங்கல் அந்த உயரத்துக்கு வந்தபோதுதான் கொடி குறுக்கே நின்றது. தொட்டி அண்ணன் பாகத்தில். இலையெல்லாம் எங்கள் பாகத்தில். "அறுத்துட்டுக் கட்டுங்க" என்றேன். சொல்லி முடிக்கவில்லை, அண்ணன் தம்பி இரண்டு பேரும் ஒரே குரலில் "ஐயோ!" என்றார்கள். சொத்துப் பிரிக்கும்போது ஒரு பித்தளைக் குத்துவிளக்குக்காக அவ்வளவு நேரம் மல்லுக்கட்டிய இரண்டு பேரும் இந்த ஒரு விஷயத்தில் கட்டிப்பிடிக்காத குறை. அப்பா வைத்த செடியை அறுத்தால் கம்பெனியும் போய்விடும் பிரஸ்ஸும் போய்விடும் என்றார் மூத்தவர். பட்டணத்தில் படித்துவிட்டு வந்த என் கணவரும் தலையை ஆட்டினார். கொத்தனார் ஒரு பிவிசி பைப்பை நெடுக்கப் பிளந்து, கொடியை உள்ளே வைத்து மறுபடி மூடி, கம்பியால் கட்டி, அதைச் சுவரில் பதித்துவிட்டார். கை முஷ்டி நுழைகிற பைப். கொடி போக மிச்ச இடம் முழுக்க என் ஓரகத்திக்கு.

அன்றைக்குச் சாயங்காலமே ஆரம்பித்துவிட்டது. நான் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தேன். சுவருக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஏட்டி, கருவாட்ட நல்லா ஊற வச்சுக் கழுவுனியா? உப்பு நாத்தம் இங்கன வரைக்கும் வருது."

முன்பாவது ஆளைப் பார்த்து முறைக்கலாம். இப்போது பைப்பை முறைக்கவேண்டியிருந்தது. பழைய துணியைச் சுருட்டி ஓட்டையில் அடைத்தேன். மறுநாள் அது என் பக்கம் தரையில் கிடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து குச்சியை விட்டுத் தள்ளியிருக்கிறார். "துணிய அடைச்சா செடிக்கு மூச்சு முட்டும்ல" என்று விளக்கம் வேறு. அவர் வீட்டு சீரியல் என் ஹாலில் ஓடியது. என் வீட்டுச் சண்டை அவர் ஹாலில் ஓடியிருக்கும். நானும் கணவரும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுவென்று சண்டை போட்டோம். கிசுகிசுத்துச் சண்டை போட்டால் கோபம் தீருமா? எனக்குத் தீரவில்லை.

எதிரில் வந்து பேசவேண்டிய அவசியம் அவருக்கு இல்லாமல் போனது. மகள்கள் இரண்டு பேரும் கட்டிக்கொடுத்துப் போய்விட்டார்கள். மூத்தவர் காலையில் கம்பெனி வேனோடு கிளம்பினால் இருட்டித்தான் வருவார். ஆர்டர் பிடிக்க வடக்கே போனால் பத்து, பதினைந்து நாள் ஆள் இருக்காது. பொழுது போகாத ஒரு மனுஷிக்குச் சுவரில் ஒரு ஓட்டை கிடைத்தால் என்ன செய்வாள்? நாள் முழுக்க அங்கேயே நிற்பாள். நான் ஸ்கூலிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டதும், "வந்துட்டாக டீச்சரம்மா" என்று பைப் பேசும்.

சுவர் வைத்த பிறகு வந்த தை மாதம் அவர் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். எனக்குச் சொர்க்கமாக இருந்தது. ஆனால் தொட்டிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் இல்லை. இலைகள் ஒன்றொன்றாக மஞ்சளாகி விழுந்தன. அதே நேரத்தில் என் கணவருக்கு வழக்கமாக வருகிற ஒரு பெரிய லேபிள் ஆர்டர் வேறு பிரஸ்ஸுக்குப் போய்விட்டது. மனிதர் இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டார். விழுந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தால் கருமாதி வீடு மாதிரி இருந்தது.

அவர் வைத்தியமும் பிரஸ் வைத்தியம்தான். இலையில் தூசி அடைத்திருக்கிறது, துடைத்தால் சரியாகிவிடும் என்று மெஷின் ரூமிலிருந்து ஒரு ஸ்பாஞ்சைக் கொண்டுவந்தார். நானும் உட்கார்ந்து ஒவ்வொரு இலையாகத் துடைத்தேன். பளபளவென்று காலண்டர் படம் போல மின்னியது. இரண்டு பேரும் ரசித்தோம். ஒரு வாரத்தில் இலை பூராவும் கரி படிந்து, விரல் வைத்தால் ஒட்டியது. அது அச்சுப் பிளேட்டுக்குக் கோந்து தடவுகிற ஸ்பாஞ்ச்! சிவகாசிக் காற்றில் இருக்கிற தூசியெல்லாம் எங்கள் இலையில் வந்து ஒட்டிக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரில் மறுபடி ஒவ்வொன்றாகக் கழுவினேன். பைப்புக்குள்ளிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. ஊருக்குப் போன மகராசி திரும்பி வந்துவிட்டிருந்தார்.

"செடிக்குச் சாயம் போடுதீகளோ?"

கணவர் என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போய்க் குரலைத் தாழ்த்தினார். "வேரு அவுக கையில இருக்கு. நீ கொஞ்சம் தணிஞ்சு போ. தினமும் தண்ணி ஊத்திட்டாகளான்னு ஒரு வார்த்த கேட்டுரு."

"நீங்க கேளுங்க. உங்க மதினிதான?"

"நான் கேட்டா அண்ணன் என்ன நினைப்பாரு? பொம்பளைக நீங்க பேசிக்கிட்டா ஒண்ணும் தெரியாது."

அப்படித்தான் அந்தக் கொடுமை ஆரம்பித்தது. தினமும் காலையில் ஸ்கூலுக்குக் கிளம்பும்முன் பைப் முன்னால் நின்று, "அக்கா, தண்ணி ஊத்திட்டீகளா?" என்று கேட்கவேண்டும். எனக்கு நாக்கே சுருளும். அவர் உடனே பதில் சொல்லமாட்டார். இரண்டாவது தடவை கேட்கவைப்பார். அப்புறம், "ஊத்தாம என்ன? செடிய வளக்கிறது நானு. இலையப் பாத்துக் கண்ணு குளுர்றது நீயி" என்பார். பல்லைக் கடித்துக்கொண்டு, "சரிக்கா" என்று சொல்லிவிட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். வகுப்பில் அன்றைக்கு முதல் பீரியடு பிள்ளைகள்தான் பாவம்.

அப்போதுதான் முடிவு செய்தேன். வேர் அவர் கையில் இருப்பதால்தானே இந்தப் பாடு? என் பக்கத்தில் வேர் விடவைத்துவிட்டால் கொடியை அறுக்கலாம், செடி சாகாது, கணவரும் வாயைத் திறக்கமுடியாது, ஓட்டையைப் பூசிவிடலாம். வெட்கத்தை விட்டு எங்கள் ஸ்கூல் சயின்ஸ் டீச்சரிடம் கேட்டேன். தண்டில் கணுக்கணுவாகப் பழுப்பு நிறத்தில் மொட்டு மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறதே, அதுதான் காற்று வேர், அதை மண்ணில் அழுத்தி ஈரமாகவே வைத்திருந்தால் பிடித்துக்கொள்ளும் என்றார். நான் இத்தனை வருஷம் அதைப் புழு என்று நினைத்து அருவருத்துக்கொண்டிருந்தேன்.

ஒரு தொட்டி வாங்கி ஸ்டூல் மேல் வைத்து, மண்ணும் தென்னை நாரும் கலந்து நிரப்பினேன். கொடியை ஆணியிலிருந்து அவிழ்த்து, நல்ல கணுவாகப் பார்த்து மூன்று கணுக்களை மண்ணில் படுக்கவைத்துத் தலைக்கொண்டை ஊசியால் குத்தி அமுக்கினேன். அது ஏறுவதற்கு ஒரு பைப்பில் தேங்காய் நாரைச் சுற்றி நட்டேன். நார் எந்நேரமும் ஈரமாக இருக்கவேண்டும். எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் வருகிற நாளை விரல்விட்டு எண்ணலாம். குடிதண்ணீர் மெஷின் கழிக்கிற தண்ணீரைக் குடத்தில் பிடித்து வைத்துத் தெளிப்பேன். காலையில் தெளித்த நார் மத்தியானத்துக்குள் அப்பளமாகக் காய்ந்துவிடும். மறுபடி தெளிப்பேன். இப்போது ஹாஸ்டலில் இருக்கிற என் பிள்ளைக்குக்கூட அம்மை போட்டபோது அவ்வளவு தண்ணீர் தெளிக்கவில்லை. கணவர் என்னவென்று கேட்டதற்கு, கொடிக்கு முட்டு என்று சொல்லிவைத்தேன்.

வெறுப்போடு வளர்த்தாலும் செடி வளரத்தான் செய்கிறது. எரிச்சலாக இருந்தது, ஆனால் தினமும் ஸ்கூல் விட்டு வந்ததும் முதலில் அதைத்தான் பார்த்தேன். இலை நுனி கருகினால் வெயிலைத் திட்டினேன். சுருட்டிய காகிதம் போலப் புது இலை ஒன்று நீட்டிக்கொண்டு வந்தபோது யாரிடமும் சொல்லமுடியாமல் சமையலறைக்கும் ஹாலுக்கும் நடந்தேன். பங்குனி கடைசியில் தண்டை மெதுவாக இழுத்துப் பார்த்தேன். வரவில்லை. மண் இறுக்கிப் பிடித்திருந்தது. எனக்கு வந்த சந்தோஷம் அத்தனையும் கெட்ட சந்தோஷம்.

உடனே அறுக்காமல் இருந்ததற்குக் காரணம், கணவரின் பயம் எனக்கும் கொஞ்சம் ஒட்டியிருந்தது. வேர் இன்னும் கொஞ்சம் இறங்கட்டும் என்று விட்டேன். சித்திரையில் ஒரு வாரம் கொடி முழுக்கச் சோர்ந்து தொங்கியது. அக்கினி வெயில் என்று நினைத்து இன்னும் இரண்டு வேளை கூடுதலாக ஊற்றினேன். தேறிக்கொண்டது. என் பக்கத்து வேரை முழுசாக நம்பாததால் காலையில் பைப் முன்னால் நின்று கேட்பதையும் நிறுத்தவில்லை.

"அக்கா, தண்ணி ஊத்திட்டீகளா?"

"ஊத்திட்டேன், ஊத்திட்டேன். உங்க வீட்ல இன்னைக்கு என்ன கொழம்பு?"

"புளிக்கொழம்பு."

"நேத்தும் அதான?"

இதுதான் எங்கள் பேச்சு. சில நாள் நான் கேட்க மறந்து செருப்பை மாட்டினால் அங்கிருந்தே, "ஏட்டி, இன்னைக்கு ஒண்ணும் கேக்கல?" என்று குரல் வரும். என்னைக் கேட்கவைப்பதில் அந்த அம்மாவுக்கு அவ்வளவு ருசி! ஸ்கூல் லீவு நாளில்கூட விடமாட்டார். எனக்கு ஜுரம் வந்து படுத்திருந்த நாளில், கேட்கவில்லையே என்று பைப்பைக் குச்சியால் தட்டிக்கொண்டே இருந்தார். எழுந்து போய்க் கேட்டேன். ஊத்திட்டேன் என்றார். கொஞ்ச நேரம் கழித்து, கதவுக்கு வெளியே ஒரு தூக்குவாளியில் மிளகு ரசம் இருந்தது. என் குரல் கரகரத்ததை வைத்தே கண்டுபிடித்துவிட்டார். இப்படி வேவு பார்க்கிற வீட்டில் எப்படி இருப்பது என்று கணவரிடம் கத்தினேன். ரசத்தைக் குடித்துவிட்டுத்தான் கத்தினேன்.

கம்பெனிகளும் பிரஸ்களும் பரபரவென்று ஓடுகிற ஆவணி மாதம். கணவர் காலையிலேயே பிரஸ்ஸுக்குப் போய்விட்டார். எனக்குச் சனிக்கிழமை லீவு. தெருமுனையில் வேலை பார்த்துக்கொண்டிருந்த கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டையைக் காட்டினேன். அவர் வெளியே போய் சிமெண்டைக் குழைத்தார். நான் புது பிளேடால் கொடியைப் பைப்பின் வாயை ஒட்டி அறுத்தேன். பால் வரும், சாறு ஒழுகும் என்று துணியெல்லாம் தயாராக வைத்திருந்தேன். ஒன்றும் வரவில்லை. உள்ளே இருந்த துண்டு காய்ந்த சுள்ளி மாதிரி இருந்தது. இழுத்தேன். அந்தப் பக்கம் யாரும் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு முழம்கூட இல்லாத தண்டு கையோடு வந்தது. மறுமுனை அரிவாள்மனையில் நறுக்கியதுபோலச் சீராக இருந்தது. அறுத்து மாதக்கணக்காகியிருக்கும்.

குனிந்து ஓட்டைவழியாகப் பார்த்தேன். முதல்முறையாகக் கொடி மறைக்காமல் அந்த ஹால் தெரிந்தது. பீரோ மூலையில் தொட்டி இல்லை. தொட்டி இருந்த இடத்தில் தண்ணீர் கேன் இருந்தது. பைப்புக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் பாதி ஆய்ந்த கீரை. சித்திரையில் கொடி எதற்குச் சோர்ந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அக்கா!" என்று கத்தினேன்.

கீரையை ஒதுக்கிவிட்டு நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். ஓட்டையில் ஒரு கண்ணும் மூக்குத்தியும் தெரிந்தன.

"என்னட்டி?"

"செடிய அறுத்துட்டீகளா?"

"அது அறுத்து எம்புட்டு நாளாச்சு. நீ அங்கன தொட்டி வச்சு வேரு விட வைக்கிறன்னு தெரியும். உன் புருசன்கிட்ட நீ முட்டு முட்டுன்னு சொன்னது கேட்டுச்சு. உனக்குத்தான் வேரு பிடிச்சுருச்சே, இங்கன எறும்புதான் மொய்ச்சுது. அறுத்து எறிஞ்சுட்டேன். இருட்டி வர்ற எங்க வீட்டுக்காரர் இன்னும் மூலையப் பாக்கல, அவர்கிட்ட நீயும் சொல்லாத, வைவாக."

"அப்ப நான் தினமும் வந்து நின்னு கேட்டேனே! கூசாம ஊத்திட்டேன் ஊத்திட்டேன்னு சொன்னீகளே! எதுக்கு?"

எத்தனையோ காலைகளில் நாக்கைச் சுருட்டிக்கொண்டு கெஞ்சியதெல்லாம் ஒரேயடியாக ஞாபகம் வந்தது. அவர் என்னைக் கேவலப்படுத்தத்தான் செய்தார் என்று சொல்லிவிட்டால் போதும், நான் நிம்மதியாக வெறுத்துவிட்டுப் போவேன். திட்டுவதற்கு வார்த்தைகளை வரிசையாக அடுக்கி வைத்திருந்தேன்.

அவர் கையில் ஒட்டியிருந்த கீரையைத் தட்டுகிற சத்தம் கேட்டது.

"நீ தினமும் வந்து கேட்டியே" என்றார்.

எனக்குப் பின்னால் கொத்தனார் சிமெண்டுச் சட்டியோடு வந்து நின்றார். "கலவை இறுகுதும்மா, பூசட்டா?" என்றார். ஓட்டையில் அந்த முகம் அப்படியே இருந்தது. நகரும் என்று பார்த்தேன், நகரவில்லை.

"பூசுங்க" என்றேன்.